சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்குச் சின்னத் திருப்புளி வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். வேண்டியது ஓர் எம்8 கப்ளிங் நட் (8 மி.மீ. போல்ட்டுக்கான நீளமான அறுகோண நட்), ஓர் அறுகோண ஸ்க்ரூடிரைவர் பிட் (கழற்றி மாட்டும் திருப்புளி முனை), கொஞ்சம் எபாக்ஸி பசை.

இந்த ஜோடி பொருந்துவதற்குக் காரணம் அளவுதான். பிட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. எம்8 நட்டின் மரை உள்விட்டமும் ஏறக்குறைய 6.6 மி.மீ.தான். ஆகவே பிட்டின் மூலைகள் மட்டும் மரையில் இடிக்கும். அது நமக்கு நல்லது, அந்தப் பிடிப்புதான் பிட்டைச் சுழல விடாமல் நிறுத்தும்.

முதலில் நட்டின் ஒரு முனைக்குப் பக்கத்தில் குறுக்காக 3 மி.மீ. துளை போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மறுமுனையில் பசை தடவி, பிட்டை வைஸில் (பட்டறை இடுக்கியில்) வைத்து மெதுவாக அழுத்தி ஏற்றுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். பிட் மிகக் கடினமான எஃகு, சில்லு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. எதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பிட்தான் என்பதால் 2ஆம் எண் பிலிப்ஸ் (கூட்டல் குறி வடிவ முனை) என் தேர்வு. வீட்டுச் சாமான்களில் பாதிக்கு அதுவே போதும்.

துளையில் சாவி வளையத்தை மாட்டலாம். இறுகிய திருகு வந்தால் வளையத்தைக் கழற்றிவிட்டு ஓர் ஆணியைச் செருகித் திருப்புங்கள், டி வடிவக் கைப்பிடி ஆகிவிடும். ரொம்ப முரட்டுத்தனமாகத் திருப்பினால் பசை விட்டுவிடும். அப்புறம், இதற்கு மின்காப்பு கிடையாது. மின்சாரம் ஓடும் எதையும் இதால் தொடாதீர்கள்.