வேட்டைக் குத்தகை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அலுவலக நண்பர்கள் கூப்பிட்டு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கிய நம்மவர்கள் ஜார்ஜியாவிலும் டெக்சாஸிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. அதனால் இந்த விஷயத்தில் பணம் எங்கே போகிறது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லித்தர வீட்டில் பெரியவர்கள் இல்லை. வேட்டைக் குத்தகை என்றால், ஒருவரின் நிலத்தில் வேட்டையாடும் உரிமைக்கு அவருக்குப் பணம் கட்டுவது; சிலர் சேர்ந்து கிளப்பாக எடுத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஜார்ஜியாவில் கம்மிங்கில் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவரின் வேட்டை கிளப்பில் நானும் உறுப்பினர். 600 ஏக்கர் பைன் காடு, 10 பேர். தலைக்கு 900 டாலர் கட்டி வந்தோம். இந்த வருடம் 1,320 கேட்கிறார்கள். இரண்டு பேர் விலகப் பார்க்கிறார்கள். நிலத்துக்காரர் இப்படி ஏற்றலாமா? தொடர்வதா, விட்டுவிடுவதா?

ஏற்றலாம். இந்தக் குத்தகைகள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் எழுதப்படுகின்றன. அடுத்த வருடம் என்ன விலை என்பதும், உங்களுக்கே தருவாரா என்பதும் அவர் விருப்பம். ஊரில் ஊராட்சிப் புளியமரத்தை ஏலம் விடுவார்களே, அதே கதைதான்: மரம் நமக்கில்லை, அந்த வருடத்துக் காய் மட்டும் நமக்கு.

உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஏக்கருக்கு 15 டாலராக இருந்தது இப்போது 22 ஆகிவிட்டது. மொத்தம் 13,200. இரண்டு பேர் போனால் மீதி எட்டுப் பேருக்குத் தலைக்கு 1,650 விழும். ஜார்ஜியாவில் ஏக்கருக்கு 10 முதல் 20 டாலர் வரை பரவலாகக் கேட்கும் விலை. நல்ல மண், பெரிய கொம்புள்ள மான் என்று பெயரெடுத்த தென்மேற்குப் பகுதியில் இதைவிடக் கூடும். ஆகவே உங்கள் நிலத்துக்காரர் கேட்பது கூடுதல்தான், ஆனால் யாரும் கேட்காத விலை இல்லை.

நாட்டில் வேட்டைக்காரர்கள் குறைந்திருக்கிறார்கள். 1982 வாக்கில் சுமார் 1.7 கோடிப் பேர் இருந்தார்கள், 2016-இன் மத்திய அரசுக் கணக்கெடுப்பில் 1.15 கோடிப் பேர். ஆள் குறைந்தும் விலை ஏறுகிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். இதற்கு முதல் காரணம் நிலம் கைமாறிய விதம். முன்பு காகித ஆலைகளே லட்சக்கணக்கான ஏக்கர் காட்டை வைத்திருந்தன. அவர்களுக்குத் தேவை மரம். உள்ளூர்க்காரர்களிடம் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விட்டால், யாரும் குப்பை கொட்டாமலும் தீ வைக்காமலும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆலைகள் காட்டை விற்றன. 2006-இல் இன்டர்நேஷனல் பேப்பர் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றது. இன்னொரு காகித நிறுவனமான ஜார்ஜியா-பசிபிக்கின் காடுகள் 2001-இல் பிளம் கிரீக் என்ற காட்டு நில நிறுவனத்தின் கைக்குப் போய், 2016-இல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து வேயர்ஹவுசர் என்ற மர நிறுவனத்திடம் வந்தன. இப்போதைய உரிமையாளர்கள் முதலீட்டு நிறுவனங்கள். ஒவ்வொரு ஏக்கரும் வருடா வருடம் என்ன ஈட்டித் தருகிறது என்று பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள். வேட்டைக் குத்தகையை இணையத்திலேயே விடுகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து அதே காட்டில் வேட்டையாடிய கிளப்பும், அட்லாண்டாவிலோ புளோரிடாவிலோ உட்கார்ந்துகொண்டு நிலம் தேடுகிறவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. புளோரிடாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு வருகிறவர்கள் ஏராளம். அங்கே நிலம் கிடைப்பது இதைவிடக் கடினம்.

கூடவே வீட்டு மனைகளும் சூரிய மின்சாரப் பண்ணைகளும் காட்டைத் தின்கின்றன. 2025-இல் இன்டர்நேஷனல் பேப்பர் ஜார்ஜியாவிலுள்ள தன் சவான்னா, ரைஸ்பரோ ஆலைகளை மூடியது. காகிதக் கூழுக்குப் போகும் மரத்தை வாங்க ஆள் குறைந்தால், சொத்து வரி கட்ட நிலத்துக்காரர் வேட்டைக் குத்தகையைத்தான் இன்னும் இறுக்குவார் என்று நினைக்கிறேன்.

சரி, தொடர்வதா? ஏக்கர் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் குத்தகைப் பத்திரத்தையும் கிளப்பின் விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல உறுப்பினர்கள் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார், மற்றவர்கள் பணம் மட்டும் அனுப்புவார்கள்.

பத்திரத்தில் மரம் வெட்டுவது பற்றிய பத்தியைத் தேடுங்கள். நில உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் இடைமரங்களைக் கழிக்கலாம், மொத்தமாகவும் வெட்டலாம், அதற்காகப் பணம் திருப்பித் தரமாட்டார் என்று பெரும்பாலும் இருக்கும். நவம்பர் முதல் இரண்டு வாரங்கள்தான் ஜார்ஜியாவின் நடுப்பகுதியில் மான்கள் இணைசேரும் காலம், ஆண் மான் பகலிலும் வெளியே நடமாடும் நாட்கள். அந்த வாரங்களில் லாரிகளும் வெட்டு இயந்திரங்களும் வந்து நின்றால் உங்கள் வருடமே போயிற்று. இந்த வருடம் எந்தப் பகுதியில் வெட்டப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் சொல்லிவிடும். நிலம் இடையில் விற்றுப்போனால் மீதி மாதங்களுக்கான பணம் திரும்புமா, அடுத்த வருடம் உங்களுக்கு முதல் உரிமை உண்டா என்பவையும் அதே தாளில்தான் இருக்கும்.

அடுத்தது காப்பீடு. பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடுகிறவருக்கு, அங்கே யாருக்காவது அடிபட்டு வழக்கு வந்தால், ஜார்ஜியா சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குத்தகைப் பணம் வாங்கிய பிறகு அந்தப் பாதுகாப்பை அவர் நம்பியிருக்க முடியாது. அதனால்தான் 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு எடு, அதில் என் பெயரையும் சேர் என்று கிளப்பிடம் கேட்கிறார்கள். உங்கள் சந்தாவில் அதுவும் அடக்கம். ஆனால் அந்தக் காப்பீடு ஓர் உறுப்பினரால் இன்னோர் உறுப்பினருக்கு வரும் காயத்தையும் ஏற்கிறதா என்று பாருங்கள். 600 ஏக்கரில் பத்துப் பேர் துப்பாக்கியோடு நடமாடும்போது மிக முக்கியமான வரி அதுதான்.

நல்ல கிளப்பை அதன் வாசல் பலகையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தின் வரைபடம் ஒட்டிய பலகை இருக்கும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் எண் எழுதிய வில்லை, அதாவது சிறு அடையாளத் தகடு. எந்தப் பரணில் உட்காரப் போகிறாரோ அந்த இடத்தில் வில்லையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நவம்பரில் ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன் போய் அந்தப் பலகையைப் பாருங்கள். வில்லைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே மூலையில் தொங்கினால், காகிதத்தில் 600 ஏக்கர் இருந்தாலும் மான் வருவது 150 ஏக்கரில்தான் என்று புரிந்துவிடும். வில்லையே மாட்டாமல் ஆட்கள் உள்ளே போகிறார்கள் என்றால் அந்தக் கிளப்பில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

என் முடிவு: பத்திரம் ஒழுங்காக இருந்து, பத்துப் பேரும் தொடர்ந்தால் 1,320 கொடுக்கலாம். 1,650 என்றால் விட்டுவிட்டு ஒரு பருவம் அரசு நிலத்தில் வேட்டையாடிப் பாருங்கள். ஜார்ஜியாவில் மாநில அரசின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, சுமார் 10 லட்சம் ஏக்கர். ஓகோனி தேசியக் காடு, பீட்மாண்ட் தேசிய வனவிலங்குப் புகலிடம் எல்லாம் காரில் போய்வரும் தூரம்தான். சில இடங்களில் குலுக்கலில் பெயர் வர வேண்டும், விண்ணப்பத் தேதியைக் கோடையிலேயே குறித்துவையுங்கள்.

அரசு நிலமும் நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேகன் நகருக்குத் தெற்கே ஓக்கி வுட்ஸ் என்ற காட்டை மாநிலம் வேட்டைக்காகக் குத்தகைக்கு வைத்திருந்தது. 2004-இல் அதன் உரிமையாளரான வேயர்ஹவுசர் அதை மனை வணிகர்களுக்கு விற்றது. 2010-இல் அரசு அதில் சுமார் 10,000 ஏக்கரை விலைகொடுத்து வாங்கியது. 2018-இல் ஜார்ஜியா வாக்காளர்கள், விளையாட்டு மற்றும் வெளிப்புறப் பொருட்கள் மீதான விற்பனை வரியில் ஒரு பங்கை இயற்கை நிலங்களுக்கு ஒதுக்கச் சம்மதித்து வாக்களித்தார்கள். சாமானியர் கால் வைக்க ஒரு காடு மிஞ்ச வேண்டுமென்றால் இப்படிப்பட்ட சட்டங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். ஜார்ஜியா, ஆல்ஃபரெட்டா. கிளப்பில் சேர 800 டாலர் முன்பணம் கேட்கிறார்கள். துப்பாக்கி வாங்கப் போவதில்லை, நண்பர் தன்னுடையதைத் தருவார். இதில் சிக்கல் உண்டா?

பணம் கட்டும் முன் கேட்டீர்கள், நல்லது. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் வைத்திருப்பதுதான். இதற்கு ஒரு முக்கியமான விலக்கு, அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை இல்லை.

ஆகவே வரிசை இது. முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, ஜார்ஜியாவில் 1961 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். பிறகு உரிமம். அதன் பிறகு துப்பாக்கியைத் தொடலாம். கிளப் பணம் கடைசி.

உரிமம் காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறியுங்கள். பருவம் முடிந்துவிட்டதே என்று புதுப்பிக்காமல் விட்டு, துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருந்தால் அன்றிலிருந்து அது மத்தியக் குற்றம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால் நாடுகடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் தங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

துப்பாக்கியே வேண்டாம் என்றால், செப்டம்பர் நடுவில் தொடங்கும் வில்வேட்டைப் பருவம் இருக்கிறது. அதற்கும் வேட்டை உரிமம் வேண்டும், ஆனால் வில்லுக்கு இந்த மத்தியத் தடை பொருந்தாது.

கேள்வி: ஜார்ஜியாவின் சுவானியிலிருந்து எழுதுகிறேன். அப்பா மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். ஒருநாள் காட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?

கிளப் விதியில் விருந்தாளி பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில கிளப்புகள் வருடத்துக்கு இத்தனை நாள் என்று வைத்திருக்கும், சில பணம் கேட்கும். அவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது. துப்பாக்கிப் பருவத்தில் மான் வேட்டைக்காரர் வெளியில் தெரியும்படி 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு உடுத்த வேண்டும், அப்பாவுக்கும் அதே போல உடுத்திவிடுங்கள். மரத்தில் ஏறும் பரண் அவருக்கு வேண்டாம். வேட்டையில் பரணிலிருந்து விழுந்து அடிபடுகிறவர்கள் நிறைய. தரையில் விரிக்கும் சிறு கூடாரம் போதும், நாற்காலியும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் 200 ஏக்கர், ஏக்கருக்கு 7 டாலர் என்று ஒரு விளம்பரம். உடனே பாதிப் பணம் அனுப்பினால் எடுத்து வைப்பதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

வேண்டாம். நிலம் கிடைக்காமல் ஆட்கள் அலையும் சமயத்தில் பாதி விலைக்கு வரும் விளம்பரத்தைச் சந்தேகப்படத்தான் வேண்டும். எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), எந்த மனை எண் என்று கேளுங்கள். கவுண்டி சொத்து வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் வரைபடத்தோடு உரிமையாளர் பெயர் இலவசமாகவே கிடைக்கும். அந்தப் பெயரும் உங்களிடம் பேசுகிறவர் பெயரும் ஒன்றா, இல்லையென்றால் குத்தகைக்கு விடும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பே எடுத்த குத்தகையை உள்குத்தகை விடக் கூடாது என்று பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். நிலத்தில் நடந்து பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக நீங்களாகவே அனுப்பிய பணம் திரும்பி வருவது மிகக் கடினம், காசோலையாகக் கொடுங்கள்.

இன்னொன்று: 2025 ஜனவரியில் ஜார்ஜியாவில் முதன்முறையாக லேனியர் கவுண்டியில் மான்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பக்கம் நிலம் எடுப்பவர்கள், சுட்ட மானை அங்கிருந்து வெளியே கொண்டுபோவதற்கான கட்டுப்பாடுகளை மாநில இயற்கை வளத் துறையின் தளத்தில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: டெக்சாஸ், பிளேனோ. ஹில் கன்ட்ரி என்ற குன்றுப் பகுதியில் ஒரு பண்ணையில் "துப்பாக்கிக்கு இவ்வளவு" என்று விலை சொல்கிறார்கள். காட்டுப்பன்றி மட்டும் என்றால் உரிமமே வேண்டாம் என்கிறார் நண்பர். நான் எச்1பி.

டெக்சாஸில் நிலத்தில் 95 சதவீதத்துக்குப் பக்கம் தனியார் கையில். அதனால் அங்கே குத்தகை பழைய வழக்கம், ஏக்கருக்குப் பதில் ஆளுக்கு இவ்வளவு என்று பேசுவதும் உண்டு. அப்படிப் பேசும்போது அந்தப் பண்ணைக்கு மொத்தம் எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்களுக்குப் பின் இன்னும் ஆறு பேரைச் சேர்த்தால் விலை அதேதான், காடு சுருங்கிவிடும். பணம் வாங்கி வேட்டைக்கு விடும் நிலத்துக்காரர் மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் தனி உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பன்றி விஷயத்தில் நண்பர் சொல்வது மாநில அளவில் சரி. 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் அது அவருக்கு, உங்களுக்கு அல்ல. மேலே சொன்ன மத்தியத் தடையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதே அந்த உரிமம்தான். பன்றிக்கே போனாலும் உரிமம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். டெக்சாஸின் வருடாந்தர உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும்.

பண்ணை விலை கட்டுப்படாவிட்டால், 48 டாலர் வருடாந்தரப் பொது வேட்டை அனுமதி ஒன்று இருக்கிறது. துறை திறந்துவிடும் சுமார் 10 லட்சம் ஏக்கரில் அதைக் கொண்டு நுழையலாம், வேட்டை உரிமம் தனி.