கம்பைல் செய்வது இருக்கட்டும், சாவி யாரிடம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்கூழ் தொழிற்சாலை நடத்துகிறோம். அலுவலகம், கிடங்கு, கொள்முதல் எல்லாம் சேர்த்து 40 பேர். பெங்களூரா மாங்காயின் அன்றாடக் கொள்முதல் விலையை போன் குரூப்பில் போட்டால் மதியத்துக்குள் மண்டி முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சொந்தமாக மெசேஜ் சர்வர் வைக்கலாம் என்று ஒருவரைக் கேட்டோம். ஈஜாபர்டி என்ற மென்பொருளை சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்து போட்டால்தான் பாதுகாப்பு, லைசென்ஸ் ஆளுக்கு மாதம் 150 ரூபாய், சர்வர், டொமைன் எல்லாம் தன் பெயரிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: ஈஜாபர்டி நல்ல தேர்வு. 2002 முதல் வளர்ந்து வரும் மென்பொருள், 40 பேரெல்லாம் அதற்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் அவர் கேட்கும் லைசென்ஸ் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஈஜாபர்டியின் சமூகப் பதிப்பு ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கலாம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். பயன்படுத்துவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க அதில் இடம் கிடையாது. அதை வளர்க்கும் பாரிஸ் நிறுவனம் தனியாக வணிகப் பதிப்பு விற்கிறது, அது வேறு கதை. நிறுவித் தருவதற்கும் பராமரிப்பதற்கும் அவர் கூலி கேட்கலாம், அது நியாயம். அதைக் கூலி என்றே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து கம்பைல், அதாவது சோர்ஸ் கோடு எனும் மூல நிரலைக் கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது. அதைச் செய்தால்தான் பாதுகாப்பு என்பது தவறு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டிலும் ஈஜாபர்டி தயார் பொட்டலமாகவே (பேக்கேஜ்) கிடைக்கிறது. அதில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் வழக்கமான அப்டேட்டோடு சேர்ந்து வந்துவிடும். சோர்ஸிலிருந்து போட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் யாராவது உட்கார்ந்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அந்த யாராவது அவர்தான், ஒவ்வொரு முறையும் பில் வரும். உங்கள் தேவைக்குத் தயார் பொட்டலமே போதும்.

கம்பைல் செய்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அது பெரிய வித்தை இல்லை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் சோர்ஸை இறக்க வேண்டும், அவருடைய பென்டிரைவிலிருந்து கூடாது. ஜிசிசி, மேக், எர்லாங் என்ற கருவிகளும், பிறகு ஓபன்எஸ்எஸ்எல், எக்ஸ்பேட், லிப்யாமல் என்ற நூலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) முன்பே இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சிக்குகிறார்கள்: நூலகம் இருக்கும், ஆனால் டெவ் என்று முடியும் அதன் துணைப் பொட்டலம் இருக்காது. அப்புறம் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற கட்டளைகள், இதே வரிசை. மேக் ஓடும்போது துணைத் துண்டுகளை இணையத்திலிருந்து இழுக்கும், அதனால் இணைப்பு இல்லாத கணினியில் பாதியில் நின்றுவிடும். 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன சர்வரில் நினைவகம் போதாமலும் நிற்கலாம், ஸ்வாப் (டிஸ்கில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) ஒதுக்கினால் சரியாகும். கடைசியில் யாமல் என்ற வடிவில் எழுதும் அமைப்புக் கோப்பு. அதில் உள்தள்ளலுக்கு டேப் தட்டவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். ஒரே ஒரு டேப் இருந்தாலும் சர்வர் கிளம்பாது.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். விலை வெளியே போகக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும்? அந்த சர்வரின் ரூட் பாஸ்வேர்டு, அதாவது முழு அதிகாரம் தரும் கடவுச்சொல், யாரிடம் இருக்கிறதோ அவர் அங்கே சேமிக்கப்படும் மெசேஜ்களைப் படிக்கலாம். ஓமெமோ என்ற முனைக்கு முனை பூட்டை (அனுப்புபவர், பெறுபவர் போனில் மட்டும் திறப்பது) எல்லார் போனிலும் போட்டால் படிக்க முடியாது, போடச் சொல்லுங்கள். அப்போதும் யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது தெரியும். மண்டியிலிருந்து காத்த விலையை இவர் கையில் கொடுத்து என்ன பயன்? ரூட் பாஸ்வேர்டு உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். அவருக்கு வேலை இருக்கும்போது மட்டும் அனுமதி கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

டொமைன், அதாவது சர்வரின் இணையப் பெயர், இதைவிட மோசமான கண்ணி. இந்த முறையில் ஒவ்வொருவரின் கணக்கும் மின்னஞ்சல் போல, பெயருக்குப் பின்னால் டொமைனோடு சேர்ந்துதான் இருக்கும். டொமைனை மாற்றினால் 40 கணக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். அது அவர் பெயரில் இருந்தால், நாளை நீங்கள் வேறு ஆளைப் பார்க்கும்போது அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். தருமபுரி, ஓசூர் பக்கமெல்லாம் சின்ன நிறுவனங்கள் இப்படித் தங்கள் பெயரையே பிறரிடம் அடகு வைத்துத் தவிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உங்கள் நிறுவனத்தின் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் நம்பர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இணைப்பைப் பூட்டிக் காக்கும் சான்றிதழுக்கு வருடாவருடம் பணம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, ஈஜாபர்டியே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சர்வரைத் தொழிற்சாலையிலேயே வைத்தால் ஒரு சிக்கல் உண்டு, கவனமாகப் படியுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது பிரச்சினையே இல்லாமல் ஓடும். சந்தூரிலும் போச்சம்பள்ளியிலும் நிற்கும் கொள்முதல் ஆட்களுக்கு எட்டாது. காரணம், பல பிராட்பேண்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி தருவதில்லை, பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ரவுட்டரில் வான் (வெளி இணைய) முகவரியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் அது பகிர்ந்ததுதான். அப்போது போன் செயலிகள் சர்வரை அடையும் வாசலான 5222 போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இதைப் பில்லிலும் எழுத மாட்டார்கள், கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியாது. நிலையான ஐபி கேட்டு எழுதிக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். காசு கட்டுகிறவனுக்கு என்ன விற்கிறோம் என்று சொல்லக்கூட ஒரு துறையால் முடியாதா? அவர்களோடு மல்லுக்கட்டாமல் சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை உங்கள் பெயரில் வாடகைக்கு எடுங்கள். தனி முகவரியோடு வரும், மின்வெட்டுக் கவலையும் போகும்.

வேறு நிறுவன சர்வர்களோடு பேசத் தேவையில்லை என்பதால் 5269 போர்ட்டை மூடியே வையுங்கள். தானே கணக்கு தொடங்கும் வசதியையும் அணைத்துவிட்டு, கணக்குகளை நீங்களே உருவாக்குங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே நீக்கிவிட வேண்டும்.

மே மாதம் லோடு வரத் தொடங்கிய பிறகு இதில் இறங்க வேண்டாம். பிப்ரவரியிலேயே கொள்முதல் ஆட்கள் சிலரை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஈஜாபர்டியோடு இணைந்து மெசேஜ் அனுப்ப ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் செயலி நன்றாக இருக்கும். அதற்கு பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு கொடுக்காவிட்டால் சில போன்களில் விலை மெசேஜ் சாயங்காலம்தான் வந்து சேரும், ஒவ்வொரு போனையும் வாங்கி நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.