நினைவேந்தல் வீடியோ: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் மண்டபத்தில் போட ஒரு வீடியோ செய்கிறோம். எத்தனை படங்கள் வேண்டும்?

ஒரு படத்துக்கு 5 விநாடி என்றால் 60 படங்களுக்கு 5 நிமிடம். அது போதும். சொந்தக்காரர்களிடம் கேட்டால் நூற்றுக்கணக்கில் வரும். பெரும்பாலும் கல்யாண மேடையில் வரிசையாக நிற்கும் படங்கள்தான். அவற்றில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அப்பா கடையில் கணக்கு எழுதுவது, பேத்திக்குத் தலை வாரிவிடுவது மாதிரிப் படங்களைத் தேடுங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சேருங்கள், அதில்தான் அவர் இருக்கிறார். குரூப் படத்துக்கு மட்டும் 8 விநாடி கொடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் முகத்தைத் தேடுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைப் படம் வேண்டவே வேண்டாம்.

படங்களை வாட்ஸப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, பெரிய திரையில் முகம் கலங்கித் தெரியும்.

கேள்வி: தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படிப் பிரிப்பது?

தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஈரம் பட்டால் படத்தின் மேல் உள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியை மேலாகத் துடைத்து, அப்படியே போட்டோ எடுங்கள். பகல் நேரம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அறை விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். அப்போதும் உங்கள் நிழலுருவம் கண்ணாடியில் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் நின்று எடுங்கள். ஃபிரேம் இல்லாத சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம்.

கேள்வி: ஏஐ மூலம் அம்மாவைப் பேச வைக்கலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?

என்னைக் கேட்டால், வேண்டாம். அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்து, அதை அப்பா எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அம்மாவின் நிஜக் குரல் உங்கள் எல்லாருடைய போனிலும் இருக்குமே! "சாப்பிட்டியா, வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்ற வாய்ஸ் மெசேஜ் ஒன்று போதும், ஒரு படத்தின் மேல் அதை ஓடவிடுங்கள். அம்மாவின் போனை ரீசெட் செய்வதற்கும் யாருக்காவது கொடுப்பதற்கும் முன்னால், அதில் உள்ள ஆடியோவை எல்லாம் முதலில் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். வீடியோவை விட இது அவசரம்.

கேள்வி: (ரொறன்ரோவிலிருந்து) அந்தியேட்டிக்கான (ஈழத் தமிழர் 31ஆம் நாள் செய்யும் காரியம்) வீடியோவில் 'தோற்றம்' என்ற சொல் உடைந்து வருகிறது.

சில எடிட்டிங் ஆப்களுக்குத் தமிழ்க் கொம்பும் காலும் சரியாகச் சேர்க்கத் தெரியாது. பவர்பாயிண்டில் எழுதி, ஸ்லைடைப் படமாகச் சேமித்து வீடியோவில் சேருங்கள். பெயரையும் தேதிகளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டு போடலாமா?

யூடியூபில் ஏற்றினால் பாட்டைத் தானாகக் கண்டுபிடித்து ஒலியை நிறுத்தவோ வீடியோவையே முடக்கவோ கூடும். அதனால் மண்டபத்தில் அந்த லிங்க்கை நம்பாமல் பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். எம்பி4 ஃபைல், 1920×1080 அளவு, பெரும்பாலான டிவிகளில் ஓடும். முந்தின நாள் சாயங்காலமே அதே திரையில், ஸ்பீக்கரோடு ஒருமுறை முழுசாக ஓட்டிப் பாருங்கள்.