280 ரூபாய் மடக்குக் கத்தி விரலை வெட்டியது: கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

வாசகர் கேள்வி:

ஏற்காட்டில் ஒரு நர்சரியில் கூலிக்கு வேலை செய்கிறேன். வீட்டை ஒட்டி நானும் கொஞ்சம் மிளகு, ஆரஞ்சு நாற்று போட்டு விற்கிறேன். போன வருடம் சேலத்தில் ஒரு கடையில் 280 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். பில் தரவில்லை, ஜிபேயில் பணம் கட்டினேன். 'லாக் உள்ளது, கடினமான வேலைக்கு ஏற்றது' என்று அட்டைப்பெட்டியில் இங்கிலீஷில் போட்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன், ஒட்டுக் கட்டுவதற்காக ஆரஞ்சுக் கிளையில் சீவியபோது அலகு சிக்கிக்கொண்டது. உருவினேன். லாக் விட்டு அலகு மடங்கி, வலது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்தார்கள். 23,000 ரூபாய் செலவு, ஐந்து வாரம் வேலை இல்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, "இருநூத்தி எண்பது ரூபாய்க்கு வாங்கிட்டு ஜெர்மன் கத்தி மாதிரி எதிர்பார்த்தா எப்படிப்பா?" என்கிறார். காயம் படுவதற்கு ஒரு மாதம் முன்பு சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டி, திருகாணியையும் முடுக்கியிருந்தேன். அந்தக் கத்தியோடு பஸ்ஸில் வந்தாலே போலீஸ் கேஸ் ஆகும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். நான் வழக்குப் போடலாமா ஐயா? இனி இந்த மாதிரி மலிவுக் கத்தி வாங்கலாமா?

வழக்கறிஞர் பதில்:

உங்கள் விரல் இப்போது நன்றாக மடங்குகிறதா? இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒட்டுக் கட்டுகிறவருக்கு ஆள்காட்டி விரல்தான் பிழைப்பு. விரல் முழுதாக மடங்கவில்லை என்றால், சிகிச்சை செய்த டாக்டரிடம் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நஷ்டஈட்டுத் தொகையில் மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒரு தாள்தான் அதிகம் பேசும்.

கடைக்காரர் சொன்ன பதிலுக்கு வருகிறேன். விலை குறைவு என்பது சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பே இல்லை. 280 ரூபாய் கத்தி சீக்கிரம் மழுங்கலாம், கைப்பிடி ஆடலாம், பளபளப்பு போகலாம். அதற்கெல்லாம் நீங்கள் வழக்குப் போட்டால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் 'லாக் உண்டு' என்று சொல்லி விற்ற கத்தியில் லாக் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். லாக் இல்லாமல் மடக்கும் பேனாக்கத்திகளும் கடையில் கிடைக்கின்றன, நாமும் அதற்கேற்ப எச்சரிக்கையோடு பிடிப்போம். லாக் என்று எழுதியிருந்ததை நம்பித்தானே நீங்கள் விரலை அந்த இடத்தில் வைத்தீர்கள்?

லாக்கின் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். சாதாரணமாக வெட்டும்போது விசை அலகை விரிக்கும் பக்கமாகத்தான் போகும், லாக்குக்கு அங்கே வேலை இல்லை. முனையால் குத்தும்போதும், மரத்தில் சிக்கிய அலகை உருவும்போதும் விசை மடங்கும் பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் தாங்குவதற்குத்தான் கைப்பிடிக்குள் ஒரு தகடு வந்து அலகின் அடியில் முட்டி நிற்கிறது. தகடு மெல்லியதாகவோ, முட்டும் இடம் நூலளவாகவோ இருந்தால் வழுக்கிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. 'தப்பாகப் பயன்படுத்தினார்' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். நீங்கள் கத்தியைக் கொடுவாள் மாதிரி ஓங்கி வெட்டவில்லை, டப்பா மூடியை நெம்பவில்லை. செடிக் கிளையைச் சீவி, சிக்கிய அலகை உருவினீர்கள். எந்தச் சூழ்நிலைக்காக லாக் வைக்கிறார்களோ, அதே சூழ்நிலையில் அது விட்டிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரில் இதை இதே வரிசையில், கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் காயத்துக்கு என்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால், வெளிப்படையாகக் கொடுத்த உறுதிமொழிக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், தயாரிப்பாளர் பொறுப்பு. பெட்டியில் அச்சடித்த வாசகமும் உறுதிமொழிதான். தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லையே என்பீர்கள். அங்கேதான் 86-ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ, விற்றவர் மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். ஊர் பேர் இல்லாத சரக்கை வாங்கி விற்கிற கடைக்காரர், அந்தச் சரக்கின் பாரத்தையும் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார். இதை வியாபாரிகள் பலர் உணர்ந்த மாதிரியே தெரியவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விற்பனை விலை, மாதம் வருடம், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டிய விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு பிராண்டும் கீழே 'மேட் இன் சைனா'வும் மட்டும் இருந்தால் அதுவே ஒரு விதிமீறல். தமிழ்நாட்டில் இந்த எடையளவு விதிகளைத் தொழிலாளர் துறைதான் அமல்படுத்துகிறது. சேலத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் தனியாக ஒரு மனு கொடுக்கலாம். நஷ்டஈடு அங்கே கிடைக்காது. ஆனால் அதே சரக்கு இன்னொருவர் கைக்குப் போகாமல் தடுக்க அது உதவும்.

பில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். பில் தராமல் விற்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற போர்டு குறையுள்ள சரக்குக்குச் செல்லாது. நீங்கள் வாங்கியதற்கு ஜிபே பதிவு போதும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல், அந்த மாதத்துக்கான வங்கிக் கணக்கு அறிக்கையைக் கிளையில் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாணை விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பொருளை மாற்றி அமைத்திருந்தாலோ, தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 87-ஆவது பிரிவு சொல்கிறது. கத்தியைத் தீட்டுவது மாற்றி அமைப்பது ஆகாது, கத்தி என்றால் தீட்டத்தான் வேண்டும். திருகாணி முடுக்கியதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இதை மறைக்க நினைக்காதீர்கள், புகாரிலேயே எழுதிவிடுங்கள். திருகாணி ஏன் தளர்ந்தது, எத்தனை நாளில் தளர்ந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். வாங்கிய சில வாரத்திலேயே ஆட ஆரம்பித்திருந்தால் அது உங்கள் பக்கம்தான் பேசும். சாணைக்காரர் தீட்டி முடுக்கியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் இன்னும் நல்லது. நீங்களே சொன்னால் அது விவரம், அவர்கள் குறுக்கு விசாரணையில் கண்டுபிடித்தால் அது பொய்.

இனி அந்தக் கத்தியைத் தொடாதீர்கள். 'இப்படித்தான் மடங்கியது' என்று நண்பர்களுக்குச் செய்துகாட்டக் கூடாது, துடைக்கக் கூடாது, யாரிடமும் சரிசெய்யக் கொடுக்கக் கூடாது. நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தடித்த உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதியும் கையெழுத்தும் போட்டு வையுங்கள். பார்த்து மட்டும் குறையைச் சொல்ல முடியாது என்று நுகர்வோர் ஆணையம் கருதினால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

செலவு பற்றிப் பயம் வேண்டாம். சேலத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், நீங்கள் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறீர்கள் என்பதைப் பார்க்காமல், பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் கட்டணம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கொடுத்த விலையை அளவுகோலாக வைப்பது சரிதான் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கத்தி மலிவாக இருந்தது இந்த ஒரு இடத்தில் உங்களுக்குச் சாதகம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாகவும் தாக்கல் செய்யலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது சிரமம் என்றால், வீடியோ வழியாக விசாரிக்கச் சொல்லி மனு போட இடம் இருக்கிறது. நீங்கள் சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

'நர்சரி வேலைக்கு வாங்கினார், அவர் நுகர்வோரே இல்லை' என்று ஒரு வாதம் வரலாம். சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அதனால் அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் ஐந்து வாரத்தில் விற்காமல் போன நாற்றுக்கு நஷ்டம் கேட்காதீர்கள், வியாபார நஷ்டத்தைப் பொருளால் வரும் காயத்துக்கான அந்த அத்தியாயம் ஏற்காது. மருத்துவச் செலவு, இழந்த கூலி, வலி, மன உளைச்சல், வழக்குச் செலவு, இவற்றைக் கேளுங்கள். பத்து லட்சம் கேட்டால்தான் ஒரு லட்சமாவது வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு சீட்டு இருந்தால் அந்தத் தொகைக்கு மரியாதை தானாக வரும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்து பில்கள், விபத்துப் பதிவேடு போட்டிருந்தால் அதன் நகல், உங்கள் முதலாளியிடம் கூலிக்கான ஒரு கடிதம், இவை வேண்டும்.

முதலில் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் நல்லது. 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். யாரிடம் அந்தச் சரக்கை வாங்கினார் என்றும் அதில் கேளுங்கள். நோட்டீஸைக் கண்டதும் பலர் பேச வருவார்கள். வந்தால் பேசுங்கள், ஆனால் எழுதி வாங்காமல் எதையும் முடிக்காதீர்கள்.

போலீஸ் பயத்துக்கு வருவோம். ஆயுத விதிகளில் கத்தி என்று வருவது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. அதிலும் வீடு, விவசாயம், தொழிற்சாலை வேலைக்காகச் செய்தவை சேராது. டெல்லியில் பட்டன் கத்திகளுக்கு 1980-இலிருந்தே தனி அறிவிப்பு இருக்கிறது, சேலத்துக்கு அது பொருந்தாது. மூன்று அங்குல ஒட்டுக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற நர்சரித் தொழிலாளி குற்றவாளி ஆக மாட்டார். திருவிழாக் கூட்டம், பொதுக்கூட்டம் என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆணையத்துக்கும் கத்தியை நீங்களாக எடுத்துப் போக வேண்டாம். வாசலில் பையைச் சோதித்தால் வீண் சங்கடம். போட்டோவைத் தாக்கல் செய்து, ஆணையம் கேட்கும்போது உறையோடு ஒப்படையுங்கள்.

கடைசியாக, மலிவுக் கத்தி வாங்கலாமா என்ற கேள்வி. வாங்கலாம். மலிவு என்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை, பெயர் இல்லாததுதான் குறை. 300 ரூபாய்க்கும் முகவரி அச்சடித்த பெட்டியோடு, பில்லோடு கத்தி கிடைக்கும். அதை வாங்குங்கள். லாக் என்ற பேச்சை மட்டும் மலிவுக் கத்தியில் நம்பாதீர்கள். வாங்கும்போதே கடையில் அலகை விரித்து, கூர்ப்பக்கம் விரல் இல்லாமல் கைப்பிடியை ஓரமாகப் பிடித்து, அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். லாக் கொஞ்சம் நகர்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உங்கள் வேலைக்கு என் யோசனை, மடங்காத சின்னக் கத்தி, தோல் உறையோடு. சேலம் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் ஆசாரியிடம் சொன்னால் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருவார். துரு ஏறும், துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஆனால் மடங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை, தயாரிப்பாளர் யார் என்ற கேள்வியும் எழாது. உலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

புகாருக்கு இரண்டு வருடம் கெடு, காயம் பட்ட நாளிலிருந்து கணக்கு. எட்டு மாதம் போய்விட்டது. நோட்டீஸை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.