ஆன்லைன் விளம்பரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் சத்துமாவு, இட்லிப் பொடி செய்து விற்கிறேன். 30 வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் படம் போட்டேன். போன வாரம் என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். இனி என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: கேட்காமல் வந்து விழும் விளம்பரத்தைச் சிலர் ‘ரிப்போர்ட்’ செய்துவிடுவார்கள். ஒரே செய்தி பல இடங்களுக்கு வேகமாகப் போய், அதன்மேல் புகாரும் சேர்ந்தால் எண் முடங்கும். செயலியைத் திறந்ததும் வரும் அறிவிப்பிலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ‘ஒரே தட்டலில் 5,000 பேருக்கு அனுப்பலாம்’ என்று மென்பொருள் விற்பவர்கள் பக்கமே போகாதீர்கள். திரும்பக் கிடைத்த எண்ணும் போய்விடும்.

எண் கிடைத்ததும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறுங்கள், இலவசம்தான். அதில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ‘ப்ராட்காஸ்ட் லிஸ்ட்’ ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல்தான் பலர் ‘அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை’ என்று சோர்ந்துபோகிறார்கள். ஆகவே முதல் வேலை, எண்ணைச் சேமிக்க வைப்பது. பாக்கெட் லேபிளில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் க்யூஆர் கோடு அச்சிடுங்கள். ஸ்கேன் செய்தவருக்குப் போகும் முதல் பதிலில், ‘புதன்கிழமைதோறும் அரைக்கிறோம். தகவல் வர இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுங்கள்.

செயலியில் உள்ள ‘கேட்லாக்’ என்ற பொருள் பட்டியலில் எடை, விலை, கூரியர் கட்டணம் மூன்றும் இருக்கட்டும். விலை போடாத படத்தைப் பார்ப்பவர் ‘எவ்வளவு?’ என்று கேட்பார். பதில் தாமதமானால் வேறு கடைக்குப் போய்விடுவார். ப்ராட்காஸ்ட் வாரம் ஒன்று போதும். மற்ற நாட்களில் ஸ்டேட்டஸ் வையுங்கள். ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும் என்பதால், வாடிக்கையாளர் எண்களை நீங்களும் சேமித்தாக வேண்டும்.

கேள்வி: கூகுள் மேப்பில் தேடினால் என் தையல் கடை கடைசியில்தான் வருகிறது. உறவினர்கள் 40 பேரை ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். பாதி காணாமல் போய்விட்டது.
- வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்கு வராதவர்கள் எழுதும் ரிவ்யூ கூகுள் விதிப்படி போலிதான். ஒரே நாளில் குவிந்தால் நீக்கப்படும் வாய்ப்பு இன்னும் அதிகம். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் விதிமீறல். தைத்த துணியை வாங்க வருபவர் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லும் அந்த நிமிடத்தில், ரிவ்யூ பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் அட்டையை நீட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு வந்தாலே நல்லது. குறை சொல்லி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள். அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார்.

கடைப் பெயரில் பலகையில் உள்ளது மட்டும் இருக்கட்டும். ‘கும்பகோணத்தின் சிறந்த பிளவுஸ் தையல்’ என்று ஒட்டவைத்தால் பக்கமே முடக்கப்படலாம். என்ன தொழில் என்று சொல்லும் வேலையை, கூகுள் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ‘வகை’ செய்யும்: முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை. கடை உங்களுடையதுதானா என்ற சரிபார்ப்புக்குக் கூகுள் வீடியோ கேட்டால், தெருவும் பெயர்ப்பலகையும் தெரியத் தொடங்கி, பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தையல் இயந்திரம்வரை நிறுத்தாமல் எடுங்கள். குறைந்தது 30 விநாடி வேண்டும். வெட்டி ஒட்டியது செல்லாது.

கேள்வி: என் வெந்தயப் பொடி விளம்பரத்தில் ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று போடலாமா?
- வாசகி, தேனி

பதில்: கூடாது. நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யத் தடைவிதிக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இணையத்தில் வரும் விளம்பரத்துக்கும் இது பொருந்தும். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் அரைத்தீர்கள் என்று போடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் கேக் செய்கிறேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு 60,000 பார்வை, ஆர்டர் இரண்டுதான். பணம் கட்டி ‘பூஸ்ட்’ செய்யலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பார்த்தவர்கள் எந்த ஊர் என்று ‘இன்சைட்ஸ்’ பகுதியில் பாருங்கள். டெல்லியில் இருப்பவருக்கு உங்கள் க்ரீம் கேக் போய்ச் சேராது. ரீல் தொடங்கும்போதே ஊர்ப் பெயர் திரையில் தெரியட்டும். அடியில் எழுதினால் தலைப்பும் பொத்தான்களும் மறைத்துவிடும். வணிகக் கணக்கில் சினிமாப் பாட்டு போட்டால் ஒலியை நீக்கிவிடுவதும் உண்டு.

பூஸ்ட் செய்வதானால், நோக்கம் ‘மெசேஜ்’. இடம் உங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர். தினம் 200 ரூபாய் வீதம் 5 நாளுக்கு 1,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,180. அதில் 20 பேர் விசாரித்து 4 பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்கு 295 ரூபாய் செலவு. ஒரு கேக்கில் லாபம் 250 என்றால் 45 ரூபாய் கையைக் கடிக்கும். அவர் மறுபடி வாங்கினால்தான் ஈடாகும். ஆர்டர் எடுக்கும்போதே பிறந்தநாள் தேதியையும், செய்தி அனுப்பலாமா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பத்து நாள் முன்பாக நீங்களே வாட்ஸ்அப்பில் விசாரியுங்கள்.