டீச்சரிடம் கேளுங்கள்: மே மாத வகுப்பும் எண்பது இடங்களும்

சென்ற இதழில், ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மத்திய அரசுப் பள்ளியான நவோதயாவின் நுழைவுத் தேர்வுக்காகக் கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் நடத்தும் இலவச வகுப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் காரைக்கால் பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வருகிற மே மாதம் இந்த வகுப்புக்கு ஒன்பதாவது வருடம்.

டீச்சர், என் மகள் வருகிற கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். நானும் அவள் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். டவுனில் பணம் கட்டி இந்தத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் ஒரு மாத வகுப்பை நம்பி அவளை எழுத வைக்கலாமா?
— ஒரு தாய், நெடுங்காடு

தாராளமாக எழுத வையுங்கள் அம்மா. மொத்தம் 80 கேள்விகள், 100 மதிப்பெண், 2 மணி நேரம். அதில் சரிபாதி, அதாவது 40 கேள்விகள், மனத்திறன். எல்லாம் படம் பார்த்துச் சொல்வது. கணக்கில் 20, மொழிப் பகுதியில் 20. தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பதில்லை. தமிழிலேயே எழுதலாம்.

படக் கேள்விகளில் ஒரு வகை உண்டு. சதுரக் காகிதத்தை மடித்து ஓரிடத்தில் துளை போட்டிருப்பார்கள். பிரித்தால் எப்படி இருக்கும் என்று நான்கு படங்களிலிருந்து எடுக்க வேண்டும். கையேடு வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை இப்படி நூறு படம் பார்த்துப் பழகியிருக்கும். நம் பிள்ளைகளுக்கு நான் பழைய செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். இரண்டாக மடி, மறுபடி இரண்டாக மடி, மூலையில் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை போடு. பிரிப்பதற்கு முன்னால், எத்தனை துளை, எங்கெங்கே என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்ட வேண்டும்.

போன மே மாதம் முதல் நாள் பெரும்பாலோர் இரண்டு துளை வரைந்தார்கள். பூக்கட்டுகிற வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் எதையும் வரையாமல், மடித்த தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். "நாலு தாள் இருக்கு டீச்சர், அப்ப நாலு ஓட்டை" என்றாள். எங்கே விழும் என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மடிப்பு மூலையில போட்டிருக்கோம். அதனால நாலும் நடுவுல கிட்டக் கிட்ட இருக்கும்." பிரித்தால் அப்படியே இருந்தது. அடுத்த பத்து நாள் மற்றப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் யாருக்கும் தாள் தேவைப்படவில்லை, படத்தைப் பார்த்தே சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் கேள்வியைப் படிக்கிற இடத்தில்தான். "பத்தியில் சொல்லப்படாதது எது?" என்று இருக்கும். அவசரத்தில் அந்த 'டா' கண்ணில் படாது. சொல்லப்பட்டதைத் தேடிப் பிடித்து விடை போட்டுவிட்டு வரும் பிள்ளை. ஒரு பையனுக்குப் பயிற்சித் தாளில் மூன்று கேள்வி இப்படிப் போனது. பத்தியைப் பற்றி வாயால் கேட்டேன், எல்லாம் சரியாகச் சொன்னான். அன்றிலிருந்து 'இல்லாதது', 'பொருந்தாதது', 'தவறானது' இவற்றைப் பார்த்தால் உடனே அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்று வகுப்பில் பழக்கம் வைத்திருக்கிறோம். கேள்வியை வாய்விட்டு இரண்டு தரம் படிக்க வைப்பேன். தேர்வறையில் வாய்விட முடியாது, ஆனால் மே மாதம் முழுக்க வாய்விட்டுப் படித்த பிள்ளைக்கு தேர்வு நாளில் மனசுக்குள் அந்தக் குரல் கேட்கும்.

ஒரு மாதத்தோடு நாங்கள் விட்டுவிடுவதும் இல்லை. பள்ளி திறந்த பிறகு தேர்வு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு உண்டு. பணம் எதுவும் வேண்டாம். மகளைக் கூட்டி வாருங்கள்.

விண்ணப்பத்தை நாங்களே போடலாமா, யாரிடமாவது கொடுக்க வேண்டுமா?
— ஒரு தந்தை, கோட்டுச்சேரி

நீங்களே போடலாம், இணையத்தில் இலவசம். பிள்ளையின் படம், பிள்ளையும் நீங்களும் போட்ட கையெழுத்து, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். யார் போட்டாலும் அனுப்பும் முன் நீங்கள் ஒரு தரம், நான் ஒரு தரம் பார்த்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வகுப்பு தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு பெண்ணின் படிவத்தை ஒரு கணினி மையத்தில் போட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமத்துப் பள்ளியில் படித்தவள். படிவத்தில் நகர்ப்புறம் என்று பதிந்துவிட்டார்கள். நவோதயாவில் குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. திருத்துவதற்குக் கொடுத்த இரண்டு நாளும் போன பிறகுதான் அவள் அண்ணன் நகலை எடுத்து வந்து காட்டினான். நான் முன்னாலேயே கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அவள் தேர்வை எழுதினாள், கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தேர்வை ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை. இப்போது ஒவ்வொரு படிவத்தின் நகலும் என் வீட்டு அலமாரியில் ஒரு கோப்பில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது தமிழ்நாட்டில், பொறையார். எங்களுக்குக் காரைக்கால் பக்கம்தான். என் மகன் அங்கே எழுதலாமா?
— வாசகர், பொறையார்

முடியாது. எந்த மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படித்து, எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறதோ, அந்த மாவட்ட நவோதயாவுக்குத்தான் பிள்ளை எழுத முடியும். 1986 தேசியக் கல்விக் கொள்கையின்படி மாவட்டத்துக்கு ஒன்று என்று வந்த பள்ளிகள் இவை. மூன்று மொழி படிக்க வேண்டும் என்பதால், 1968 முதல் இரு மொழிக் கொள்கையில் இருக்கும் தமிழ்நாடு ஏற்கவில்லை. புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கிலும் உண்டு. உங்கள் மகனுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி நகர் சைனிக் பள்ளி, அதாவது பிள்ளைகளை ராணுவ அதிகாரி வேலைக்குத் தயார் செய்யும் விடுதிப் பள்ளி, 1962 முதல் நடக்கிறது. அதன் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வையும் தமிழில் எழுதலாம், ஆனால் கட்டணம் உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், பின்னால் மேல்வகுப்புக்குப் போகும்போது மாவட்டந்தோறும் உள்ள அரசு மாதிரிப் பள்ளியையும் மனதில் வையுங்கள்.

பி.எட். முடித்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆசை. என்ன தயார் செய்துகொண்டு வர வேண்டும்?
— வாசகி, திருநள்ளாறு

அவசியம் வா, கண்ணு. முதல் வாரம் தேர்வு வைக்காதே. பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்காதே. இந்த இரண்டும் எனக்கு ரொம்ப முக்கியம். விடுமுறையில் அதிகாலையில் எழுந்து, ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வந்து உட்காருகிற பிள்ளை அது. முதல் நாளே கடைசி என்று கேட்டால் மறுநாள் வராது. அதன் வீட்டிலும் ஏன் போகவில்லை என்று கேட்க ஆள் இருக்காது, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

பின்னத்தை எப்படித் தொடங்குவது என்று மட்டும் சொல்கிறேன். பலகையில் 3/4, 1/2 என்று எழுதி எது பெரிசு என்றால் மண்டபம் அமைதியாகிவிடும். முக்கால் லிட்டர் எண்ணெயா, அரை லிட்டர் எண்ணெயா, எது பெரிசு என்று கேட்டுப் பார். எல்லாக் கையும் தூக்கும். கடைக்குப் போய் வருகிற பிள்ளைகள்தானே. அதையே பலகையில் எழுதிக் காட்டு. கால் என்றால் 1/4, காலில் பாதி அரைக்கால், அது 1/8. அதிலும் பாதி மாகாணி, 1/16. பாட்டி வளர்த்த பிள்ளை ஒன்றிரண்டுக்கு இந்தச் சொற்கள் தெரிந்தே இருக்கும். கீழே இருக்கும் எண் பெரிசானால் துண்டு சின்னதாகிறது என்பதை அவர்களே சொல்வார்கள், நீ சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஓ.எம்.ஆர். தாள். பேனாவால் வட்டத்தை நிரப்புவது நமக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பத்து வயதுப் பிள்ளை 23-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 24-க்குப் போகும், விடையை 23-க்கு எதிரே நிரப்பும், அங்கிருந்து எல்லாமே ஒரு வரி தள்ளிப்போகும். அதனால் இடது கையில் ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தப் பழக்கு. வெறும் தாளில் தினமும் பத்து நிமிடம் போதும்.

ஒன்பதரைக்குச் சுண்டல் கொடுப்போம். நீயும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. பாடத்தில் கேட்கத் தயங்கியதை அப்போதுதான் கேட்பார்கள்.

ஊர்ப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் நாலு பிள்ளைகளையும் பொறுக்கி வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மிச்சமுள்ள பள்ளி என்ன ஆகும்? இது சரிதானா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

ஐயா, இந்தக் கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு நவோதயாவுக்கு அதிகம் போனால் 80 இடங்கள். போன வருடம் என் வகுப்பில் 26 பிள்ளைகள், தேர்வானது 3. மற்ற 23 பேரும் நம் ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆரம்பத்தில் நான், தலைமையாசிரியர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிள்ளைகளை மட்டும் சேர்த்தேன். அது தவறு என்று இரண்டு வருடத்தில் புரிந்தது. இப்போது யார் வந்தாலும் சேர்க்கிறேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையையும் சேர்க்கிறேன். அப்படி வந்த ஒரு பையன் தேர்வில் தேறவில்லை. ஆனால் ஆகஸ்டில் அவன் வகுப்பாசிரியை என்னை வழியில் நிறுத்தி, "பத்தியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி நன்றாகப் படிக்கிறானே, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

ஊர்ப் பள்ளி நன்றாக வேண்டும் என்பதற்கு நீங்கள் போராடினால் நானும் கூட வந்து நிற்பேன். அதுவரை காத்திரு என்று அந்தப் பூக்கட்டுகிற வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் பத்து வயது இந்த ஒரு வருடம்தான்.

பேரனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பத்து வயதில் விடுதியில் விட மனம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் வடக்கே அனுப்புவார்கள் என்றும் சொல்கிறார்கள்.
— ஒரு பாட்டி, நிரவி

உண்மைதான் அம்மா. ஒன்பதாம் வகுப்பில் சுமார் 30 விழுக்காடு பிள்ளைகள் ஓராண்டு இந்தி பேசும் மாநிலத்து நவோதயாவில் படித்துவிட்டு வருவார்கள், அங்கிருந்தும் பிள்ளைகள் இங்கே வருவார்கள். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இப்போதைய கவலையைப் பார்ப்போம். முதல் மாதம் அழுவான். அழுகிற குரலைக் கேட்டு உடனே கூட்டி வந்துவிடாதீர்கள், ஆனால் அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். வயிற்றுவலி, காய்ச்சல், யாராவது அடித்தார்கள் என்றால் அன்றே நேரில் போய்விடுங்கள். சும்மா வீட்டு ஞாபகம் என்றால் ஆறும். சேர்க்கைக்கு முன்னால், தன் துணியைத் தானே துவைக்கவும், தட்டைக் கழுவவும், தனியாகப் படுக்கவும் பழக்குங்கள். முதல் வாரம் பிள்ளைகளைத் திணற வைப்பது இவைதான் என்று போய் வந்த பிள்ளைகள் எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியும் அவனுக்கே போக மனமில்லை என்றால், கட்டாயப்படுத்தாதீர்கள்.

இந்த வருட வகுப்பு மே மாத முதல் திங்கட்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. பிள்ளைகள் ஒரு ஸ்கேலும் பேனாவும் கொண்டு வந்தால் போதும். வீட்டில் பழைய செய்தித்தாள் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போடாமல் எங்களுக்குக் கொடுங்கள், நாளுக்கு ஒரு கட்டு செலவாகிறது.