வாசகர் கேள்வி – பதில்: இரும்புப் பந்தாட்டத்தில் இணையலாமா?

கேள்வி: பிரான்சின் மார்செய் நகரில் வசிக்கும் மகளிடம் மீண்டும் செல்லவிருக்கிறேன். சென்ற முறை, அவளது வீட்டருகே மர நிழலில் முதியவர்கள் இரும்புப் பந்துகளை எறிந்து விளையாடுவதை வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு மொழி அறியாத வெளிநாட்டவனான நான், இந்த வயதில் அவர்களோடு சேர்ந்து விளையாடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

பதில்: தாராளமாக விளையாடலாம், ஐயா. நீங்கள் கண்டது பெத்தாங் என்னும் ஆட்டம். அது பிறந்த லா சியோத்தா என்ற நகரம் மார்செய்க்கு அருகிலேயே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூட்டுவாதத்தால் ஓடிவந்து எறிய முடியாமற்போன ஜூல் லெனுவார் என்ற ஆட்டக்காரரும் விளையாட வேண்டும் என்பதற்காகவே, நின்ற இடத்திலிருந்து எறியும்படி பழைய ஆட்டத்தின் விதியை மாற்றினார்கள். ஆகவே வயதை எண்ணித் தாங்கள் தயங்கத் தேவையில்லை.

தரையில் வரைந்த சிறு வட்டத்துக்குள் இரு பாதங்களையும் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீற்றர் தொலைவில் கிடக்கும் சிறிய மரப்பந்துக்கு மிக அருகில் தமது இரும்புப் பந்தைச் சேர்ப்பதே ஆட்டம். எந்த அணியின் பந்து அருகில் இல்லையோ, அந்த அணியே அடுத்து எறியும். முதலில் 13 புள்ளிகள் எடுப்பவர் வெல்வார்.

மொழியை விட ஒழுங்கையே அங்கு பெரிதாக மதிப்பார்கள். பிறர் எறியும்போது பேசாமலும் நடமாடாமலும், அவரது பார்வைக்கு இடையூறின்றி ஒதுங்கி நில்லுங்கள். தாங்கள் எறிந்த பந்து தரையைத் தொடும்வரை வட்டத்தை விட்டுக் காலெடுக்கக் கூடாது. எவரது பந்து அருகில் என்ற ஐயம் எழுந்தால் நாடாவால் அளப்பார்கள். புள்ளிகளை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முன்னர் எந்தப் பந்தையும் கையிலெடுத்துவிடாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் கைகுலுக்குவது வழக்கம்.

எதிரணியின் பந்தை அடித்து விரட்டுவது, கோலிக்குண்டைக் குறிபார்த்து நேராக அடிப்பதைப் போல, நீண்ட பயிற்சி கேட்கும் வேலை. அதைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிட்டு, பந்தை அருகில் சேர்க்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கை தரையை நோக்கியிருக்கும்படி பந்தைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து, கையைப் பின்னிருந்து வீசி விடுங்கள். விரல்களிலிருந்து நழுவும்போது பந்து பின்னோக்கிச் சுழல்வதால், விழுந்த பின் அதிகம் உருண்டோடாது.

புறப்படும் முன் ஊரிலேயே பழகலாம். சரளைக் கற்கள் கலந்த தரை இதற்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நம் மலைச்சரிவுகளைத் தவிர்த்து, ஓரளவு சமமான இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பந்தைக்கொண்டு பழகினால் கைவீச்சுக் கணக்குப் பிழைத்துவிடும். போட்டிகளில் பயன்படும் பெத்தாங் பந்து 650 முதல் 800 கிராம் வரை நிறையுடையது, அதாவது கிரிக்கெட் பந்தைப் போல் ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து மடங்கு.